கொராடோ கப்பலில் இருக்கிறான்

ஃபெராரா
3 டிசம்பர் 1986

அன்புள்ள நொயேமிக்கு,

நலம்தானே? இந்த வருஷம் முழுக்க உன்னிடமிருந்து வந்தவை இரண்டே இரண்டு தபாலட்டைகள். அதில் ஒன்றில் குளிர் அதிகம் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. டூரினில் குளிரும் என்பது எனக்கே தெரியும், பெண்ணே. சண்டைக்கு வரவில்லை. ஏக்கம், அவ்வளவுதான்.

இங்கே பத்து நாளாக மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு மாமாவுக்கு நடை திரும்பிவிட்டது, நினைவு திரும்பவில்லை. கொராடோவின் விபத்து அவர் மனதிலிருந்து துடைத்தெடுத்ததுபோல் போய்விட்டது. உன்னோடு கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது போனவன். இவரோ உங்களுக்குக் கல்யாணமே ஆகிவிட்டதாக நினைக்கிறார். "பையன் எங்கேடி?" என்று தினமும் கேட்கிறார். "கப்பல்ல வேலைங்க, வருவான்" என்கிறேன். போன கிறிஸ்துமஸில் நீயும், "ஆமா மாமா, போன வாரம்கூட லெட்டர் போட்டாரு" என்றாயே, அந்தப் புண்ணியத்தில் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அவன் போனபின் நான்கு கிறிஸ்துமஸுக்கும் வந்தாய். இந்த முறையும் வா. கிறிஸ்துமஸ் சமையலுக்குப் பூசணிக்காய்கூட வாங்கி வைத்துவிட்டேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
இவானா அத்தை


டூரின்
9 டிசம்பர் 1986

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தபாலட்டையில் எழுத முடியாததால்தான் குளிரைப் பற்றி எழுதினேன்.

ஜூன் மாதம் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவர் பெயர் டுல்லியோ. பள்ளிக்கூட வாத்தியார். கொராடோவைப் பற்றி எல்லாம் தெரியும். எனக்கு இப்போது ஐந்தாவது மாதம்.

நேரில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் வரவில்லை. இனி வராதே என்று நீங்கள் சொன்னாலும் வருத்தப்பட மாட்டேன். இல்லை, வருத்தப்படுவேன். ஆனால் புரிந்துகொள்வேன்.

மாமாவுக்கு என் அன்பு.
நொயேமி


ஃபெராரா
14 டிசம்பர் 1986

அன்புள்ள நொயேமிக்கு,

உன் கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். பிறகு மேலே ஏறக் கொஞ்சம் நேரமாயிற்று.

நான் என்ன சொல்ல? உனக்கு வயது முப்பது. என் மகனுக்காக நீ முக்காடு போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்ததில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வா. ஆனால் தனியாக வா. டுல்லியோ நல்லவராகவே இருக்கட்டும், அவரை இவரிடம் யாரென்று சொல்வேன்? வயிற்றைப் பற்றி நீ எதுவும் பேசாதே. டூரின் சாப்பாட்டில் உடம்பு போட்டுவிட்டாள் என்று நான் சமாளித்துக்கொள்கிறேன். 24-ம் தேதி வந்து 27 வரை இரு.

இவானா அத்தை


டூரின்
18 டிசம்பர் 1986

அன்புள்ள அத்தைக்கு,

வருகிறேன். 24 மதியம் ரயில். "போயிட்டு வா, அந்தம்மாவுக்கு வேற யாரு இருக்கா?" என்று டுல்லியோதான் சொன்னார். ஸ்டேஷனுக்கு வராதீர்கள், பனியில் மாமாவைத் தனியே விடவேண்டாம்.

நொயேமி


ஃபெராரா
30 டிசம்பர் 1986

நொயேமி,

26-ம் தேதி காலை பூசை முடிந்து வந்து பார்த்தால் உன் அறையில் படுக்கை மடித்து வைத்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

முந்தைய நாள் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டில் நீ தட்டெடுக்க எழுந்தபோது அவர் உன் வயிற்றில் கை வைத்தாரே, "ஏய் இவானா, இங்க பாரு! நம்ம பய கில்லாடிடி! கப்பல்ல இருந்துக்கிட்டே வேலையக் காட்டிட்டான்!" என்று சிரித்தாரே, அப்போது நீ என்னைப் பார்த்தாய். உடம்பு போட்டுவிட்டாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "கோடையில லீவுக்கு வந்தான்ல, அப்போ" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறிச் சொன்னதல்ல.

நீ தலைவலி என்று படுத்துவிட்டாய். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார், நானும் கூடப் போனேன். பேராலயத்துக்கு முன்னால் முடிதிருத்தும் செனோ எதிரே வந்தார். "செனோ, நான் தாத்தாவாகப் போறேன், தெரியுமா?" என்றார் மாமா. கொராடோவின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் செனோவும் ஒருவர். என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். "ரொம்ப சந்தோஷம் அல்வாரோ" என்று மாமாவின் கையைக் குலுக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

மாமாவுக்காகப் பொய் சொன்னேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நொயேமி. அந்த ஒரு மணிநேரம் நானும் அதை நம்பினேன். நான்கு வருஷத்துக்குப் பிறகு நிமிர்ந்து நடந்தேன்.

மன்னித்துவிடு.
இவானா அத்தை


டூரின்
11 ஜனவரி 1987

அன்புள்ள அத்தைக்கு,

மாமா மீது எனக்குக் கோபமே இல்லை. உங்கள் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அன்று சாயங்காலம் அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையனா பொறந்தா கொராடோன்னே பேர் வை. உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? வருஷத்துக்கு ஒருதரம் கூட்டிக்கிட்டு வா, அவருக்கு எதுவும் தெரியப்போறதில்ல" என்றீர்கள்.

சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குப் பயந்துதான் விடியும் முன் ஓடிவந்தேன். வீட்டுக் கதவைத் திறந்தால் டுல்லியோ தனியாக உட்கார்ந்து முந்தைய நாள் சூப்பைச் சூடாக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கிண்ணம் எடுத்துவைத்தார்.

என் குழந்தைக்கு அப்பா இருக்கிறார், அத்தை. கொராடோவை நான் மறக்கவில்லை. உங்களிடம் அதை நிரூபிக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

மாமாவிடம் என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். என் குழந்தையை அதில் சேர்க்காதீர்கள். இனி நான் வரமாட்டேன்.

நொயேமி


ஃபெராரா
2 ஏப்ரல் 1987

அன்புள்ள நொயேமிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாளாயிற்று. முதலில் கோபம். பிறகு வெட்கம்.

மாமா ஊரெல்லாம் சொல்லி, தச்சரிடம் தொட்டில்கூடக் கேட்டுவிட்டார். அன்றைக்கு அவரை உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். கொராடோ இறந்துவிட்டான், பனியில், லாரி மோதி. நொயேமிக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது, அந்தக் குழந்தை நம்முடையதில்லை. "எப்போடி? எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று அன்றுதான் செத்ததுபோல அழுதார். மறுநாள் காலை எழுந்ததும், "பையன் எங்கேடி?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி அழுதார். இப்படி ஆறு நாள். ஏழாம் நாள் அவர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. நான் சொன்னது நினைவில் நின்றுவிட்டதா, கேட்கப் பயமா, தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்.

செய்தது சரியா என்று உன்னைக் கேட்கமாட்டேன். பொய்யில் உன் குழந்தை இல்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்த மாதம் உனக்குப் பிரசவம். கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நல்லபடியாகப் பெற்றெடு. டுல்லியோவிடம், அந்தக் கிறிஸ்துமஸுக்காக இவானா மன்னிப்புக் கேட்டாள் என்று சொல்.

ஆனால் பிறந்த செய்தியை எனக்கு எழுதாதே. பையனா பெண்ணா என்றுகூட வேண்டாம். எழுதினால் அன்றைக்கே ரயிலேறி வந்து நிற்பேன்.

இவானா