மூடிய கேட்டும் முதல் பிரசவமும்

ரோலா, ஷார்ஜா
ஜூன் 2008

அன்பு மகள் அருணாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை, சுகமாக இருக்கிறேன். உன் சுகமும் வயிற்றில் இருக்கும் சின்னவரின் சுகமும் தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நான் சொல்லப்போவதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், அழுது முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும். அதனால் லீவில் ஊருக்கு வரும் ரூம்காரர் கலீலுர் ரஹ்மானிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே குங்குமப்பூவும் பேபி சோப்பும் இருக்கிறது.

ரயிலுக்குக் கரண்ட் கம்பி போடுகிறோம் என்று நம் தெருக்கோடி ரயில்வே கேட்டை மூடி வருஷம் ஒன்றாகப் போகிறது. பத்து நாளில் திறப்போம் என்று போர்டு வைத்தார்கள், போர்டு துருப்பிடித்துவிட்டது, அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்கும் உன் புகுந்த வீட்டுக்கும் போக ஊரையே சுற்ற வேண்டியிருக்கிறது. ஆட்டோக்காரர்கள் மட்டும்தான் கரண்ட் ரயிலுக்கு மாலை வாங்கி வைத்திருக்கிறார்கள். நம் வாசலுக்கு நேரே நட்ட கம்பத்தையும் உன் அம்மா சும்மா விடவில்லை, துணி உலர்த்தக் கொடி கட்டிவிட்டாளாம். அதை அவிழ்க்கச் சொல், நான் சொன்னால் கேட்கமாட்டாள். மின்வெட்டில் வீட்டு ஃபேன் சுற்றுவதில்லை, ஆனால் ரயிலுக்குக் கரண்ட் வரப்போகிறதாம், நல்லது. போன லீவில் நான் ஏறிய திருச்சி பாசஞ்சரை லைன் வேலை என்று வயல் நடுவே நிறுத்தியதைச் சொன்னேனே, ஒருத்தர் இறங்கிப் பம்புசெட்டில் குளித்து, வேட்டியைத் துவைத்து, அது காய்ந்த பிறகு நிதானமாக ஏறி வந்தார். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது, துபாயில் ரயில் விடுகிறோம் என்று ரோடெல்லாம் தோண்டிப் போட்டதில் டூட்டிக்குப் போகும் பஸ்ஸிலேயே பாதித் தூக்கத்தை முடித்துவிடுகிறேன். அங்கேயும் ரயில், இங்கேயும் ரயில், நான் இருக்கும் இடமெல்லாம் தேடி வந்து வழியை மறிக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டு ஷம்சாத்துக்கு வலி வந்து, மூடிய கேட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சி, முடியாமல் சுற்றிப் போகும்போது ஆட்டோவிலேயே பிள்ளை பிறந்ததை அம்மா சொன்னாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது ஆண்டவன் புண்ணியம், கரண்ட் கம்பி போடுகிறவர்கள் புண்ணியம் இல்லை. அந்தப் பிள்ளையைத் தெருவே இப்போது கேட் பாபு என்று கூப்பிடுகிறதாம். இதைச் சொல்லிச் சிரித்த அதே வாயால் உன் அம்மா, வளைகாப்பு முடிந்ததும் உன்னை அழைத்துவர நாள் பார்த்துவிட்டேன் என்கிறாள். நான் வேண்டாம் என்றதும், "மொதப் பிரசவம் பொறந்த வீட்லதான், ஊரு என்ன பேசும்?" என்று சண்டைக்கு வந்தாள். ஷம்சாத்துக்கு வலி வந்தபோது இந்த ஊர் என்ன செய்தது, ஆட்டோவைச் சுற்றி நின்று வேடிக்கைதானே பார்த்தது? எனக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை அருணா. எந்த அப்பனும் எழுதக்கூடாததை எழுதுகிறேன், பிரசவம் முடியும்வரை நீ நம் வீட்டுக்கு வராதே.

சம்பந்தி சேதுராமனிடம் பேசிவிட்டேன். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, மருமகள் இங்கேயே இருக்கட்டும், சம்பந்தியம்மாவும் வந்து தங்கட்டும் என்று பெரிய மனதோடு சொன்னார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைப்பதா என்று அம்மா இரண்டு வாரம் என்னோடு பேசவே இல்லை. கடைசியில் இறங்கி வந்தாள், ஆனால் எப்படித் தெரியுமா, நம் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் அரிசி பருப்பையும் சுமந்துகொண்டு, ஊரைச் சுற்றி, அங்கே வரப்போகிறாளாம். மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வை, யாரும் சிரித்துவிடாதீர்கள். பின்கட்டில் ஒரு மூலை ஒதுக்கிக் கொடு. அவள் ஆக்கிப் போடுவதை மறுக்காமல் சாப்பிடு, அந்த ஸ்டவ் எரிகிற இடம்தான் இப்போதைக்கு உனக்குப் பிறந்த வீடு. நானும் பக்கத்தில் இருக்க வேண்டியவன், இங்கே கம்பெனி லீவு தரமாட்டேன் என்கிறது.

குலதெய்வம் உன்னையும் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். தீர்க்காயுசாக இரு. இரும்பு மாத்திரையை மறக்காதே. வலி எடுத்தால் எந்த நேரமானாலும் மாப்பிள்ளையை ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல், எடுக்கமாட்டேன், புரிந்துகொள்வேன்.

உன் அப்பா
அழகுமலை