கண்ணுக்குக் கீழே ஒரு குழி

ஆட்டு வாசம் மாறாத என் மச்சான் காளிமுத்துவுக்கு,

இதை நானே எழுதுகிறேன். நீ நம்பமாட்டாய். சின்னையாவுக்கு ஏது எழுத்து, யாரையோ பிடித்து எழுதி வாங்கியிருக்கிறான் என்பாய். இல்லை மச்சான். பேனாவும் என்னுடையது, கையும் என்னுடையது. மேலே உன் பெயரை எழுதி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வைத்த கோப்பி ஆறிப்போய்விட்டது.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. உனக்குச் சொல்ல இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. ஒன்று சந்தோஷம். இன்னொன்றை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதற்குத் தைரியம் வரும்.

ஜார்ஜ்டவுனில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மண்டபம் உண்டு. சனிக்கிழமை காலையில் அங்கே தவமணி டீச்சர் வயதானவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். துறைமுகத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் அவசரப்பட்டு எழுதினால், "ஆறுதலா எழுதுங்கோ ஐயா. எழுத்து எங்கையும் ஓடிப் போகாது" என்பார். ஆடு மாடு ஓடிப்போகும், எழுத்து ஓடாது. எனக்கு அது பெரிய நிம்மதி.

எழுத்துக் கூட்டத் தெரிந்தவுடன் என்ன வாசிக்க ஆசை என்று கேட்டார். ஆடு மாடு என்றேன். சிரிக்கவில்லை. அடுத்த வாரமே விலங்குகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படிக்கிறேன். படித்ததை யாரிடம் சொல்வது? உன் அக்காள் புஷ்பத்திடம்தான் சொல்கிறேன்.

தீபாவளிக்கு ஆடு அறுத்தால் நீ முதலில் தேடி எடுப்பது ஈரலோடு ஒட்டிய அந்தப் பச்சைப் பித்தப்பையைத்தானே? உடைந்தால் கறியெல்லாம் கசக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பாய். குதிரைக்கு அந்தப் பை கிடையாதாம் மச்சான். மானுக்கும் அநேகமாகக் கிடையாதாம். இதை நான் சத்தம் போட்டுப் படித்தேன். போன வருடம் ஆஸ்பத்திரியில் புஷ்பத்துக்குக் கல் இருக்கிறதென்று அந்தப் பையை எடுத்துவிட்டார்கள். அடுப்படியிலிருந்து கேட்டாள்: "அப்ப நான் இனிமே குதிரையா?"

"ஒதைக்காம இருந்தா சரி" என்றேன்.

முயலைப் பற்றிக் கேள். அதற்கு நம் ஆடு மாடு மாதிரி நாலு அறை வயிறு இல்லை, அசை போட முடியாது. ஆனால் தின்பதும் புல்தான், ஒரு தடவையில் செரிக்காது. அதனால் என்ன செய்கிறது தெரியுமா? மெத்தென்று ஒரு புழுக்கை போட்டு அதையே திரும்ப எடுத்துத் தின்கிறது. மாடு வாய்க்குள் செய்கிற வேலையை முயல் வெளியே சுற்றி வந்து செய்கிறது. எனக்கு அன்று முழுக்க ஆச்சரியம் அடங்கவில்லை. புஷ்பம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "சோறு திங்கிற நேரத்துல இதெல்லாம் படிக்கணுமாலா?" என்றாள். நீ இருந்திருந்தால் தட்டை நகர்த்தியிருக்கமாட்டாய். கிட்டே நகர்ந்து வந்திருப்பாய்.

பத்து காவான் ரப்பர் தோட்டத்தில் நானும் நீயும் பேசியதெல்லாம் இந்தப் பேச்சுத்தானே. தோட்டத்து மாட்டுக் கொட்டகை என் பொறுப்பு. நீ பால்மரங்களுக்கு அடியில் தோட்டத்துச் செம்மறிகளை மேய்த்தாய், வீட்டில் சொந்தமாக வெள்ளாடு வளர்த்தாய். பசு ஒன்பது மாதமும் சில நாளும் சுமக்கிறது, ஆடு ஐந்தே மாதத்தில் போட்டுவிடுகிறது, இதில் எது கெட்டிக்காரி என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். இப்போது அந்த இடமெல்லாம் தொழிற்சாலை. மகள் தன் காடியை ஓட்டி அழைத்துப்போய்க் காட்டினாள். உன் ஆட்டுக் கொட்டகை எங்கே இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன வாரம் நம் தோட்டத்து மாரியப்பன் வந்திருந்தான். பழைய தோட்டத்து ஆட்கள் வருடத்துக்கு ஒரு தடவை நம் கோயிலில் கூடுகிறோம் இல்லையா, தோட்டம் போன பிறகு இடம் மாற்றிக் கட்டிய கோயிலில். இந்த வருடம் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் மறைந்தவர்களின் பெயர்கள். "அண்ணே, இப்ப நல்லாப் படிக்கிறீங்களாமே, பேரெல்லாம் சரியான்னு பாருங்க" என்று தாளை என் கையில் கொடுத்தான்.

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினேன். உன் பெயர் வந்தது. காளிமுத்து. அச்சில் உன் பெயரை நான் படித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இன்னொரு சொல் இருந்தது. எழுத்துக் கூட்டினேன். புளுகன்.

"இது என்னாடா மாரி?"

"என்னாண்ணே?"

"இங்க. புளுகன்னு போட்டிருக்கு."

"ஆமாண்ணே. மூணு காளிமுத்துலா. ஒண்ணு லோரிக்காரரு, ஒண்ணு நெட்டை, இவரு புளுகன். அப்படிப் போட்டாத்தானே சனங்களுக்கு ஆள் தெரியும்?"

"அவன் புளுகன் இல்லடா."

மாரி சிரித்தான். "நல்லாருக்கே கதை! நீங்கதானேண்ணே அன்னிக்கிச் சாமி முன்னால சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். உனக்கு மறந்திருக்காது. மலரில் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அந்த வருடம் வெள்ளம் வந்து உன் கொட்டகை மூழ்கியது. ஒரு வாரம் உன் வெள்ளாடு ராணியைத் தோட்டத்துச் செம்மறிகளோடு மேட்டில் அடைத்து வைத்தாய். அங்கே செம்மறிக் கிடா இருந்தது. வெள்ளாட்டுக் கிடா ஒன்றுகூட இல்லை. ஐந்து மாதம் கழித்து ராணி ஒரே ஒரு குட்டி போட்டது. கோப்பிக் கடையில் வந்து, "ரெண்டும் கலந்து பொறந்திருக்கு மச்சான்" என்றாய்.

நான் குட்டியைப் பார்க்கக்கூட இல்லை. "கழுதையும் குதிரையும் சேரும். வெள்ளாடும் செம்மறியும் சேந்தா வயித்துல தங்காது. அப்படி ஒரு குட்டி உசிரோட இருந்துச்சுன்னா என் மீசைய எடுத்துர்றேன்" என்றேன். கடையே கை தட்டியது. மாட்டுக்கு நாள் குறித்துக் கொடுப்பவன், கன்று திரும்பிக் கிடந்தால் கையை விட்டுச் சரி செய்பவன், நான் சொன்னால் சொன்னதுதான். அப்படி ஒரு நினைப்பு எனக்கு.

நீ அந்தக் குட்டிக்குத் தொரை என்று பெயர் வைத்தாய். கால் எல்லாம் வெள்ளாட்டு முடி, முதுகில் மட்டும் கோட்டு போட்ட மாதிரி சுருட்டை ரோமம். வெள்ளாட்டுக் குட்டி என்றால் தாய் மேயப் போகும்போது புதரில் பதுங்கிப் படுத்துக்கொள்ளும். செம்மறிக் குட்டி தாயின் பின்னாலேயே போகும். தொரை பத்தடி பின்னால் நடக்கும், பிறகு நின்று யோசித்துப் புல்லில் படுத்துக்கொள்ளும், மறுபடி எழுந்து ஓடும். பதுங்குவதா, பின்னால் போவதா என்று அதற்கே தெரியவில்லை. தூரத்தில் என் மாடுகளுக்கு நடுவே நின்று இதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை.

திருவிழா அன்று தொரையைக் கோயில் திடலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய். அப்போது அதற்கு மூன்று மாதம். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "மச்சான், நீங்க கையால தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா எல்லாரும் ஒத்துக்குவாங்க" என்றாய். என் மேல் அவ்வளவு நம்பிக்கை உனக்கு.

வாலைப் பார்த்தேன். வெள்ளாட்டு வால் மாதிரி நிமிரவில்லை, தொங்கியது. மேலுதட்டைப் பார்த்தேன். செம்மறிக்கு இருக்கிற மாதிரி நடுவில் ஒரு கோடு. பிறகு கண்ணுக்குக் கீழே விரலை வைத்தேன். அங்கே ஒரு சின்னக் குழி. விரலில் மஞ்சளாக மெழுகு மாதிரி ஒட்டியது. செம்மறிக்குத்தான் அந்தக் குழி உண்டு, வெள்ளாட்டுக்குக் கிடையாது. புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் மச்சான், அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. அன்றைக்கே தெரியும்.

யாரோ பின்னாலிருந்து, "சின்னையாண்ணே, கத்தி கொண்டாரவா மீசைக்கு?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் விரலைக் கைலியில் துடைத்தேன்.

"சுத்த வெள்ளாடுதான். முடிதான் கொஞ்சம் சுருட்டை. அப்பன் யாருன்னு ராணியத்தான் கேக்கணும். காளி புளுகுறான்" என்றேன்.

திடல் அதிரச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைலியைப் பார்த்தாய், நான் விரலைத் துடைத்த இடத்தை. குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். அன்றிலிருந்து நீ புளுகன். உன் பிள்ளைகள் புளுகன் பிள்ளைகள். நீ மழை வரும் என்றால்கூட ஆட்கள் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடையைத் தேடினார்கள்.

தொரை வளர்ந்து பெரிய கிடாவானது. எல்லா ஆட்டோடும் சேர்ந்தது, ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. கோவேறு கழுதை மாதிரி. "இப்பவாச்சும் தெரியுதா மச்சான்?" என்று கேட்பாய் என்று பயந்துகொண்டே இருந்தேன். நீ கேட்கவில்லை. அது செத்தபோது கறி போடாமல் குழி வெட்டிப் புதைத்தாய். அதையும் சொல்லிச் சிரித்தார்கள்.

உனக்கு என் மேல் கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தாய், சாப்பிட்டாய், என் மகள் கல்யாணத்தில் தாய்மாமனாக முன்னால் நின்றாய். ஆனால் எப்போது பார்த்தாலும் உன் கண் முதலில் என் மீசைக்கு வரும். "மீசை நல்லாருக்கு மச்சான்" என்பாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதைத்தான் சொன்னாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மீசைய நல்லாப் பாத்துக்குங்க மச்சான்" என்றாய். வாயில் ஒரு சின்னச் சிரிப்பு. அது மன்னித்த சிரிப்பா? இல்லை, இப்போதாவது சொல்வேனா என்று காத்திருந்த சிரிப்பா? நான் போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

புத்தகம் சொல்கிறது, வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்தால் கரு பெரும்பாலும் வயிற்றிலேயே அழிந்துவிடும், மிக அபூர்வமாக ஒன்று பிழைக்கும் என்று. அந்த அபூர்வம் நம் தோட்டத்தில் பிறந்தது மச்சான். பால்மரத்துக்கு அடியில் நின்று பத்தடி நடந்து படுத்தது. அதைப் பார்த்துச் சேர்ந்து ஆச்சரியப்பட இரண்டே பேர் இருந்தோம். அதில் ஒருவன் வாயை மூடிக்கொண்டான். எத்தனை சாயங்காலம் நாம் அதைப் பற்றிப் பேசியிருக்கலாம்! இன்றைக்கு முயலைப் பற்றி, குதிரையைப் பற்றிச் சொல்ல நாக்கு துடிக்கிறது. கேட்க நீ இல்லை. நீ இருந்தபோது, உனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றை ஒத்துக்கொள்ள எனக்கு நாக்கு வரவில்லை.

மாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தாளில் அந்தச் சொல்லைத் திரும்பப் பார்த்தான். பிறகு, "நான் மட்டும் கேட்டா போதாதுண்ணே. எழுதிக் குடுங்க, மலர்ல போடுறேன். எல்லாரும் படிக்கட்டும்" என்றான். யாரையாவது வைத்து எழுதலாமா என்று உன் அக்காளைக் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஒங்க வாயாலதானே சொன்னீங்க. ஒங்க கையால எழுதுங்க" என்றாள். அவளுக்கும் இத்தனை வருடம் தெரிந்திருக்கிறது மச்சான். அன்று அந்தக் கைலியில் ஒட்டிய மஞ்சள் கறையைத் துவைத்தவள் அவள்தானே.

எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆகிவிட்டது. மாரி கொடுத்த தாளில் உன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சொல்லை அடித்துவிட்டேன். அதற்கு மேலே என் கையெழுத்தில், "தொரையை வளர்த்தவர்" என்று எழுதியிருக்கிறேன். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, படிக்க முடிகிறது.

கோயிலில் எல்லோரும் கூடும் நாளில் இதை நானே எழுந்து நின்று படிப்பேன். அன்று காலையில், குளித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று மீசையை எடுத்துவிட்டுத்தான் போவேன். இது உனக்கு என் வாக்கு. புஷ்பத்திடம் சொன்னேன். "கல்யாணத்துலருந்து பாக்காத மொகம், நானும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சவரக்கத்தியை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள்.

நீயும் பார்த்துக்கொள் மச்சான்.

உன் அக்காளைக் கட்டியவன்,
விரலைத் துடைத்த மச்சான்,
சின்னையா