ஒலி வராத கம்ப்யூட்டரும், வந்ததாகப் போட்ட கையெழுத்தும்

அனுப்புநர்
மருதாயி (வயது 68),
க/பெ. ஒச்சப்பன் (காலஞ்சென்றவர்),
குரங்கணி சாலை,
போடிநாயக்கனூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தேனி மாவட்டம்,
தேனி.

பொருள்: போடி மலைச்சாரல் செவிப் பயிற்சி மையத்தில் என் பேத்தி பேச்சுப் பழகும் பழைய கம்ப்யூட்டரில் ஒலி வராதது – வந்துவிட்டதாக முடித்த கோப்பைத் திரும்பத் திறப்பது – 30-01-2026 அன்று அந்தக் கம்ப்யூட்டரைக் கழிவு லாரியில் ஏற்றாமல் நிறுத்துவது – தொடர்பாக.

பார்வை: 1. நான் நேரில் வந்து கொடுத்த மனு, 10-11-2025 திங்கட்கிழமை.
2. மையத்தின் பதில் கடிதம், 08-12-2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 26-11-2025 புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு மையத்தின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள்: மையத்தின் நிர்வாகி பிச்சைமணி, பராமரிப்பு ஒப்பந்தக்காரர் அனுப்பிய ராஜாராம், பேச்சுப் பயிற்சி ஆசிரியை அபிஷா, என் மகன் விஜயகுமார், அவன் மகள் கற்பகம், நான். வாசலில் ஜீப்பை அணைக்காமல் வைத்துக்கொண்டு ஆரன் அடித்தவர் ஓட்டுநர் ஈஸ்வரன். வேறு ஆள் இல்லை. இவர்களில் யாராவது நான் அங்கே இல்லை என்று பின்னால் சொன்னால் தாங்கள் நம்ப வேண்டாம். யார் எந்தச் சுவரோரம் நின்றார் என்பது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும். விஷயம் கோணலாக இருக்காது.

1. கற்பகம் பிறவியிலேயே காது கேளாதவள். மூன்றரை வயதில் மதுரையில் அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்து உள்காதுக் கருவி வைத்தார்கள். கருவி வைத்தால் சத்தம் உள்ளே போகும், அது என்ன சத்தம் என்று பழக்கினால்தான் பேச்சாகும், ஆறு வயதுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பழக்கிவிடுங்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஏனென்றால் மகன் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறான், மருமகள் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் சோலிக்குப் போகிறாள், பிள்ளையோடு இருப்பவள் நான். வருகிற மே மாதம் மூன்றாம் தேதி கற்பகத்துக்கு ஆறு வயது முடிகிறது. நான் எழுதுவது இதற்காக மட்டுமே.

2. மையத்தில் பேச்சுப் பாடம் இருப்பது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில். அதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. அது காலாவதியாகிவிட்டது, இப்போது யாரும் வைத்துக்கொள்வதில்லை என்கிறார்கள். இருக்கட்டும். தமிழில் சொல்லித்தரும் இந்தப் பாடம் அதில்தான் ஓடும். இரண்டு புதுக் கம்ப்யூட்டரில் அபிஷா ஏற்றிப் பார்த்தார், ஏறவில்லை. பாடத்தைத் திறக்கும் பூட்டு எண்ணும் அந்த ஒரு பெட்டிக்குத்தான் பொருந்துகிறது. செல்போனில் வேறு பாடம் காட்டினோம். அதில் பேசுகிறவர் வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ் கலக்கிறார், பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இந்தப் பாடத்தில் ஒரு வண்டி மலையடிவாரத்தில் நிற்கும். பிள்ளை மைக்கில் ‘ஆ’ என்றால் ஏறும். குரல் நின்றால் பின்னால் உருண்டு வந்துவிடும். கற்பகம் முதல் மூன்று மாதம் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். நான்காம் மாதம் ஒரு நாள் வண்டியை உச்சிவரை ஏற்றிவிட்டு, தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போன செப்டம்பர் வரைக்கும் அவள் வாயில் இருபத்தாறு வார்த்தைகள் இருந்தன. அத்தனையும் எந்தக் கிழமையில் வந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

3. ஆயுத பூஜைக்கு முன்னால், 27-09-2025 சனிக்கிழமை, மையத்தை ஒட்டடை அடித்துக் கழுவினோம். பிள்ளைகளின் வீட்டுப் பெண்கள்தான் வருடா வருடம் செய்வோம். அன்று வந்த ராஜாராம், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, பூஜைக்குள் அதையும் சுத்தம் செய்து தருகிறேன் என்று உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அதே எக்ஸ்பியைப் புதிதாக ஏற்றினார். அபிஷா நகல் வைத்திருந்ததால் பாடமும் ஏறியது. ஒலிக்கான டிரைவர் என்ற நிரலை மட்டும் ஏற்றவில்லை. சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி படைத்து, விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துப் பாடத்தைத் திறந்தால் படம் வருகிறது, சத்தம் இல்லை. கற்பகம் ‘ஆ’ என்றாள். வண்டி நகரவில்லை.

4. என் தவறையும் எழுதிவிடுகிறேன். டிரைவர் இருந்த சிடி அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. கழுவுகிற அன்று அந்த டப்பாவைக் குப்பையோடு வெளியே வைத்தார்கள். மொத்தம் ஒன்பது சிடி. பளபளவென்று இருந்ததால், வீட்டு அவரைப் பந்தலில் தொங்கவிட்டால் கிளியும் குரங்கும் அண்டாது என்று நான்தான் கேட்டேன். பிச்சைமணி, “கொண்டு போங்க பெரியம்மா, இங்க கிடந்து என்ன செய்யப் போகுது” என்றார். சத்தம் வரவில்லை என்று அபிஷா டப்பாவைத் தேடியபோதுதான் நான் கொண்டுபோனது என்ன என்று தெரிந்தது. ஓடிப்போய் ஒன்பதையும் அவிழ்த்துக் கொண்டுவந்தேன். எட்டு சிடி வேறு எதற்கோ உள்ளவை. ஒன்பதாவதுதான் தேடியது. அதைக் குரங்கு கடித்துப் பாதியாக்கியிருந்தது.

இதை மறைத்து மனு எழுதியிருக்கலாம். மறைத்தால் பிள்ளைக்குக் காது வராது.

5. டிரைவர் என்பது, பெட்டிக்குள் இருக்கும் ஒலிச் சில்லை எப்படி வேலை வாங்குவது என்று எக்ஸ்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் நிரல் என்று, போடி கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜோயல் எனக்கு விளக்கினார். அபிஷா கேட்டுக்கொண்டதால் 06-10-2025 அன்று அவர் மையத்துக்கு வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். சில்லு நன்றாக இருக்கிறது. எக்ஸ்பிக்குத்தான் அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதே தெரியவில்லை, பட்டியலைத் திறந்தால் அதற்கு நேராக மஞ்சள் கேள்விக்குறி போட்டுக் காட்டுகிறது. இணையத்தில் எடுக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். சில்லைச் செய்த கம்பெனியே எக்ஸ்பிக்கு உரியதை அங்கிருந்து நீக்கிவிட்டதாம். வேறு இடங்களில் ஜோயல் இறக்கிய மூன்றில் ஒன்று வேறு சில்லுக்கானது, இரண்டில் வைரஸ். வெளியிலிருந்து செருகும் சின்ன ஒலிக் கருவி ஒன்று இருக்கிறது, அதற்கு டிரைவரே வேண்டாம் என்றார். ஆனால் பென்டிரைவ் போடக்கூடாது என்று அந்தத் துளைகள் எல்லாவற்றையும் மையத்தார் ஏற்கெனவே பசை ஊற்றி அடைத்திருக்கிறார்கள்.

6. ஆகவே தங்களிடம் முதல் மனு கொடுத்தேன். தாங்கள் அதை மையத்துக்கு அனுப்பியதன் பேரில்தான் 26-11-2025 அன்று ராஜாராம் வந்தார். (இவருடைய பெரியப்பா பதினெட்டு வருடத்துக்கு முன் மழையில் என் வீட்டுக்காரரைப் போடிமெட்டில் ஜீப்பைவிட்டு இறக்கிவிட்டவர். அதை இந்த மனுவில் சேர்க்க வேண்டாம் என்று அபிஷா சொன்னதால் சேர்க்கவில்லை.)

ராஜாராம் கம்ப்யூட்டரை ஒரு கால்மணி நேரம் பார்த்தார். கற்பகத்தை மைக்கின் முன் உட்காரவைத்தார். கழுத்து நரம்பு புடைக்கப் பிள்ளை கத்தியது. வண்டி அடிவாரத்திலேயே நின்றது. பிறகு அவர் ஸ்பீக்கர் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கித் தன் செல்போனில் செருகி, ஒரு பாட்டைப் போட்டார். ஸ்பீக்கர் பாடியது. பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அதைப் பிச்சைமணி வீடியோ எடுத்துக்கொண்டார். எடுத்த வீடியோவில் வயர் தெரியாது, அவர் நின்ற இடம் அப்படி.

உடனே ஒரு தாளை நீட்டி, ஒலி சரியாகிவிட்டது என்று பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். என் மகனிடம், “போடாதடா, பாட்டு அவர் போன்ல இருந்து வருது. வயரப் பாரு” என்றேன். வெளியே ஈஸ்வரன் ஆரன் அடித்தார். ஜீப்பை விட்டால் தோட்டத்தில் அன்றைக்கு வேலை கிடையாது. அவன் வயரைப் பார்த்தான். பார்த்ததை நான் பார்த்தேன். “கேக்குதுல்ல ஆத்தா, திரும்பிப் பாத்துட்டாள்ல. விடு, ஜீப்பு போயிரும்” என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெரசாக ஏறிப் போய்விட்டான். அபிஷா கதவோரம் நின்று அழுதார். ராஜாராம் தலையைக் குனிந்துகொண்டே வயரைச் சுருட்டினார்.

7. பார்வை 2-ல் கண்ட பதிலில், ஒலி சரிசெய்யப்பட்டது, பயனாளியின் தந்தை உறுதி செய்துள்ளார், மனு முடிக்கப்பட்டது என்று இருக்கிறது. இந்த மாதம் ஐந்தாம் தேதி மையத்தின் பலகையில் இன்னொரு தாள் ஒட்டினார்கள். கழிவுப் பொருட்கள் பட்டியல். நாற்காலி பதினொன்று, மின்விசிறி நான்கு, எதற்கும் உதவாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று, 30-01-2026 அன்று லாரியில் ஏற்றப்படும் என்று. ஒரே நிர்வாகி ஒரு தாளில் நன்றாக இருக்கிறது என்கிறார், இன்னொரு தாளில் எதற்கும் உதவாது என்கிறார். எது உண்மை என்று கேட்டதற்கு, “ரெண்டும் வேற வேற ஃபைலு பெரியம்மா” என்றார்.

8. ஐயா, குரங்கு கடித்ததற்குப் பதிலாக அதே டிரைவர் உள்ள வேறொரு சிடி கிடைத்துவிட்டது. பெட்டியைப் பிரித்த அன்று ஜோயல் சில்லின் மேல் இருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார். எழுதி வைத்த சீட்டை அவர் தொலைத்துவிட்டார். நான் தொலைக்கவில்லை. எட்டு, எட்டு, மூன்று. போடியில் முன்பு தட்டச்சுப் பள்ளி வைத்திருந்த ஜெயபாக்கியம் அம்மாவிடம் அந்தக் காலத்தில் இதே மாதிரிப் பெட்டி இருந்தது என்று கேள்விப்பட்டுப் போனோம். பெட்டியை என்றோ கொடுத்துவிட்டார், அதனோடு வந்த சிடி மேசை இழுப்பறையில் இருந்தது. ஜோயல் தன் கடையில் போட்டுப் பார்த்தார். கீறல் இல்லை, அதே எண். அதில் இரண்டு நிரல் இருக்கிறது, முதலாவதை ஏற்றி, அணைத்துப் போட்டு, பிறகு இரண்டாவதை ஏற்ற வேண்டும், மாற்றி ஏற்றினால் கேள்விக்குறி போகாது, ஒரு மணி நேர வேலை, எனக்கு எதுவும் தர வேண்டாம் என்றார். 22-12-2025 அன்று சிடியை எடுத்துக்கொண்டு நானும் அவரும் மையத்துக்குப் போனோம். சரியாகிவிட்டதாகக் கோப்பில் இருப்பதை வெளியாள் தொடக்கூடாது என்று பிச்சைமணி வாசலிலேயே நிறுத்திவிட்டார். அப்போதிருந்து சிடி என் அரிசிப் பானைக்குள் துணி சுற்றி இருக்கிறது.

9. கோப்பைத் திறக்க வேண்டுமானால், கையெழுத்துப் போட்டவரே வந்து அதைத் திரும்பப் பெற வேண்டுமாம். பாட்டி சொன்னால் செல்லாதாம். மகன் பொங்கலுக்கு வந்தான். “போட்டது போட்டதுதான் ஆத்தா. இப்பப் போயி இல்லன்னா, பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு என்மேல கேஸாயிரும்” என்றான். மறுநாள் விடியுமுன் மேலே தோட்டத்துக்குப் போய்விட்டான். போன் போட்டால் எடுப்பதில்லை.

10. இருபத்தாறு வார்த்தையில் இப்போது நான்கு இருக்கிறது. வா, பால், காக்கா, வேணாம். மற்றவை ஒவ்வொன்றாகப் போய்விட்டன. முதலில் போனது ஜீப்பு. அபிஷா விடாமல் வாயாலேயே சொல்லிக்கொடுக்கிறார், ஆனால் அவருக்கு முப்பத்தொரு பிள்ளைகள். கற்பகம் அந்தக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்துக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் பொறுத்து, வண்டியைக் காட்டி ‘வேணாம்’ என்கிறாள். போன வாரத்திலிருந்து, உள்காதுக் கருவிக்குச் சத்தம் அனுப்பத் தலையில் மாட்டும் வெளிக் கருவியையும் கழற்றி என் கையில் கொடுத்துவிடுகிறாள். எத்தனை முறை மாட்டினாலும் கழற்றுகிறாள்.

ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து,

அ) முடித்த கோப்பை என் பேச்சின் பேரில் திறந்து, யாரையாவது அனுப்பி, அந்த வீடியோவைப் பற்றியும் அன்று வயரைச் செருகியிருந்த இடத்தைப் பற்றியும் விசாரிக்கவும்,

ஆ) 30-01-2026 லாரியில் அந்தக் கம்ப்யூட்டர் ஏறாமல் இருக்க, எழுத்திலோ போனிலோ ஒரு வார்த்தை சொல்லவும்,

இ) ஜோயல் ஒரு காலைப் பொழுது அதன் முன் உட்கார அனுமதி தரவும்

வேண்டுகிறேன். இம்மூன்றும் முடியாது என்றால் ‘ஆ’ மட்டுமாவது செய்யுங்கள். பெட்டி இருந்தால் இன்னும் நூறு மனு எழுதுவேன். பெட்டி போய்விட்டால் எதற்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு லாரி வந்தால் நான் அதன் முன்னால்தான் இருப்பேன். இதை மிரட்டலாக எழுதவில்லை. எங்கே இருப்பேன் என்று தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நாள்: 19-01-2026
இடம்: போடிநாயக்கனூர்

தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலிலேயே இருக்கும்,
மருதாயி

இணைப்பு: பதில் கடித நகல், கழிவுப் பட்டியலை அபிஷா எடுத்த படம், குரங்கு கடித்த சிடியின் பாதி.

குறிப்பு: விசாரணைக்கு அன்று இருந்த எல்லோரையும் ஒன்றாக வரச் சொல்லலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ராஜாராம் வரட்டும், அவர் தலை குனிந்ததை நான் பார்த்தேன், அவருக்கு என் கையால் டீ வாங்கிக் கொடுப்பேன். பிச்சைமணியோடும் நேருக்கு நேர் பேசுவேன், அவரைத் தாங்கள் பார்த்துக்கொண்டால் போதும். ஈஸ்வரன் ஆரன் அடித்தது அவர் பிழைப்பு. ஒருவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள். அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன். வயரைப் பார்த்த பிறகும் கையெழுத்துப் போட்டவனை, பேத்தி பேசிவிட்டாலும் நான் மன்னிப்பதாக இல்லை. அவன் பெயர் ஒ. விஜயகுமார்.