இசட் கீயும் நம் இரண்டு வாயும்

மாப்ள,

இன்று காலை கடையில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் நாலு தட்டு தட்டினேன். மேசையில் ஒரு வேர்க்கடலைத் தோல் விழுந்தது. சிவப்புத் தோல், சுண்டுவிரல் நகத்தில் பாதி. நான் கடலை தின்பதில்லை, பித்தம். இந்த மெஷின்மேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்துத் தின்ற ஆள் நீ ஒருவன்தான். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் உன் குப்பை வந்துகொண்டிருக்கிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

தட்டியதற்குக் காரணம், மறுபடியும் இசட் கீ. அழுத்தினால் உள்ளே போகிறது, திரையில் ஒன்றும் விழவில்லை. நாம் இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிறவர்கள். இசட் இல்லையென்றால் ழ இல்லை. ழ இல்லாமல் வாழை மண்டிக்காரன் என்ன செய்வான்? இலை, காய், தண்டு, பழம், எதைத் தொட்டாலும் அந்த எழுத்துதான்.

இது முதல் தடவை படுத்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். தள்ளுவண்டியை விற்றுவிட்டு சென்னீர்குப்பத்தில் ஷெட் போட்டு நாலு மாதம். நிலையாக ஒரு மண்டபம் பிடிக்காவிட்டால் திரும்பத் தெருவுக்குத்தான் போக வேண்டும், போக வண்டியும் இல்லை. பூந்தமல்லிக் கல்யாண மண்டபத்து அம்மா மூன்று மண்டிகளிடம் விலைப்பட்டியல் கேட்டிருந்தார். "தமிழ்ல அனுப்புங்க பா, எங்க சமையக்காரர் படிக்கணும். பதினோரு மணிக்குள்ள வந்துடணும்" என்றார். பத்தே காலுக்கு இசட் செத்தது.

அணைத்துப் போட்டோம். வரவில்லை. நீ வாயால் ஊதினாய். கடலைத் தூள் பறந்து வந்து என் கண்ணில் விழுந்தது. நான் விசிட்டிங் கார்டை இடுக்கில் விட்டு நெம்பினேன். கீயின் மூடி கழன்று பூவன் தாருக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதைத் தேடி எடுத்து மாட்டவே கால் மணி நேரம். காட்டுப்பாக்கம் ரிப்பேர்க் கடைக்குப் போன் போட்டால், பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பாராம்.

"ள போட்டு அனுப்பிருவோம் மாப்ள" என்றேன்.

"டேய், வாளைன்னா மீனுடா! கல்யாண ஊட்ல எலைக்குப் பதிலா மீனு எறக்குவியா? ய போடு."

"ய போட்டா பளம் பயமாயிரும்லா. தார் கணக்குல பயம் விக்கப் போறியோ?"

"மேனாம்பேட்ல வாயத்தோப்பு வச்சிகினு இருந்தவங்க நாங்க, எங்களுக்கே சொல்லித் தரியா? அது கீட்டும், நீ என்னிக்கு மாமே ழ சொன்னே? தூத்துக்குடிலேருந்து வர்றப்பவே ஒன் வாயில அந்தக் கீ வேல செய்ல."

"ஒனக்கு மட்டும் செய்யுதாக்கும்?"

"எனுக்கும் செய்ல. அத்தத்தான் சொல்றேன், இன்னாத்துக்கு அதத் தேடிகினு கீறே?"

மணி பத்து ஐம்பது. மேல் இரண்டு வரியை நீ தட்டினாய்: வாயை இலை, வாயைக்காய். உன் கையிலிருந்து பிடுங்கிக் கீழ் இரண்டை நான் தட்டினேன்: வாளைத்தண்டு, வாளைப்பளம். சண்டை முடிய நேரம் இல்லை. அப்படியே அனுப்பினோம்.

பதினொன்றரைக்கு அந்த அம்மாவின் போன். நீ எடுக்காமல் என் கையில் திணித்தாய்.

"இன்னா பா, ரெண்டு பேர் ஒக்காந்து எழுதுனீங்களா? சமையக்காரர் சிரிச்சிகினே கீறார். மத்த ரெண்டும் ஆபீஸ்ல எவனோ அடிச்ச மாரி கீதாம். இத்த எழுதுனவன் நெஜமாவே எலை விக்கிறவன், இவங்களயே வரச் சொல்லுங்கன்றார்."

நீ ஷெட்டுக்குள் ஆடிய ஆட்டத்தில் இரண்டு தார் ரஸ்தாளி சரிந்து கூழானது. அன்றைக்கு அதற்காக உன்னைத் திட்டவில்லை. அதோடு விட்டோமா? கீயைச் சரி செய்த பிறகும் அந்த மண்டபத்துக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் அப்படியே அனுப்பினோம். மேலே உன் ய, கீழே என் ள.

இந்த வருடப் பட்டியல் இன்று போக வேண்டியிருந்தது. கவிழ்த்துத் தட்டுவதற்கு முன் ரிப்பேர்க் கடைக்காரரைத்தான் கேட்டேன். "ஸ்கிரீன்லயே ஒரு கீபோர்டு வரும் சார், மவுஸால அமுக்குங்க" என்கிறார்! இது அன்றைக்கே தெரிந்திருந்தால் பிழையில்லாத தமிழில் அனுப்பி அந்த மண்டபத்தைக் கோட்டை விட்டிருப்போம், மாப்ள.

உன் கடலைத் தோல் விழுந்ததும் இசட் ஜோராக வேலை செய்தது. நாலு வரியையும் ஒழுங்கான ழ போட்டு அடித்தேன். படித்துப் பார்த்தேன். ஆபீஸில் எவனோ அடித்த மாதிரிதான் இருந்தது. அழித்தேன். என் இரண்டு வரியை முதலில் முடித்துவிட்டு, உன்னுடையதை நீ செய்வதைப் போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினேன்: வாயெலை, வாயக்கா. வாய் தடுமாறும் என்று நினைத்தேன். தடுமாறவில்லை.

அரை மணியில் அந்த அம்மாவே கூப்பிட்டார். பல மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருக்கிறார். உன் சாவுச் சேதி அவருக்கு எட்டவில்லை.

"பட்டியல் வந்துச்சு பா. பாத்தவொடனே சிரிப்பு வந்துடுச்சி. ரெண்டு பேரும் நல்லா கீறீங்களா?"

இது தூத்துக்குடி வாய், மாப்ள. இருபது வருடம் உன் பேச்சைக் கிண்டல் செய்த வாய். அதிலிருந்து யோசிக்காமல் வந்தது:

"கீறோம்மா."