மட்ச் நாள் விரதம்

அப்பா,

இன்று காலை என் வயிற்றில் முதல் இன்சுலின் ஊசியைப் போட்டேன். இப்போது வருகிறவை பேனா மாதிரி. போடுவதற்கு முன் இரண்டு துளியைக் காற்றில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று மருந்துக்கடைப் பெண் சொல்லித் தந்திருந்தாள். விட்டேன். அந்த மணம் வந்தது. புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டரும் ஆஸ்பத்திரித் தரையும் கலந்த மணம். டொரோண்டோவுக்குப் பக்கத்து விட்பியில் என் சமையலறையில் நின்றவன் ஒரே மூச்சில் நாங்கள் முன்பு இருந்த வோபர்ன் அப்பாட்மென்டின் ஒன்பதாம் மாடிக்குப் போய்விட்டேன். ஃபிரிட்ஜில் வெண்ணெய் வைக்கிற தட்டில் உங்கள் மருந்துப் போத்தல். பெனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியின் கோட்டைப் பார்க்கிற நீங்கள். ஊசியைப் போட்டதும் இந்தக் கடிதத்தை எழுத இருந்தேன். உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது, அதனால்.

நீங்கள் விதிகளுக்குப் பயந்த மனிதர். மார்க்கம் வீதியில் ஒரு வாகனமும் இல்லாத ஞாயிறு காலையிலும், நில் என்று காட்டும் சிவப்புக் கை மறையும் வரை நின்றுதான் கடப்பீர்கள். "இஞ்சருங்கோ, அந்தக் கை உங்களைப் பிடிச்சு வைச்சிருக்கோ?" என்று அம்மா நடுவீதியில் நின்று கேட்பா. பண் சுடுகிற ஃபக்டரியில் பதினொரு வருடம் ஒரு நாளும் பிந்திப் போனதில்லை. கூடைப்பந்து மட்டும் உங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "எத்தினை கோல் போட்டனீ?" என்பீர்கள். "கோல் இல்லை அப்பா, பாஸ்கற்." "சரி, எத்தினை?" நான் கார்ட் விளையாடுகிறேன் என்றபோது, இவ்வளவு படித்துவிட்டு செக்கியூரிட்டி வேலையா என்று முகம் வாடினீர்கள். பந்தைக் கொண்டுபோய் உரிய ஆளிடம் சேர்க்கிறவன்தான் கார்ட் என்று விளக்கினேன். "அப்ப தபால்காரன் மாதிரி" என்றீர்கள். அதைவிட நல்ல விளக்கத்தை எந்தக் கோச்சும் எனக்குத் தந்ததில்லை.

உங்கள் நேத்தி, அந்த நேர்த்திக்கடன், தொடங்கியது நான் படித்த மோர்னிங்சைட் பள்ளிக்கூடத்தில். கந்தசஷ்டியின் கடைசி நாள். நீங்கள் உங்கள் பாட்டுக்கு விரதம். வேலை முடிந்து நேரே ஜிம்முக்கு வந்து, வெளிக்கதவுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். கடைசி நொடியில் நான் எறிந்த பந்து விழுந்து நாங்கள் வென்றோம். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "போன மட்சிலை தோத்தாய். நான் சாப்பிட்டிருந்தனான். இண்டைக்கு நான் ஒண்டும் சாப்பிடேல்லை, வெண்டாய். எனக்கு விளங்கிட்டுது, தம்பி. இனி நீ விளையாடுற நாளெல்லாம், மட்ச் முடியும் வரைக்கும் நான் வெறும் வயித்தோடை இருக்கிறன். முருகனுக்கு நேத்தி வைச்சிட்டன்."

நான் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு ஒரு மட்ச்தானே, இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் கோட்டுப் பையில் கடுதாசியில் சுற்றிய வாழைப்பழம் ஒன்று இருக்கும். நீங்கள் ஆட்டத்தைப் பார்ப்பதைவிட மணிக்கூட்டைப் பார்ப்பதே கூட. மட்ச் முடிகிற ஊதல் கேட்டதும் மற்றத் தகப்பன்மார் கை தட்டுவார்கள். நீங்கள் முதலில் பழத்தை உரிப்பீர்கள். அதை விழுங்கிவிட்டுத்தான் தட்டுவீர்கள்.

பல்கலைக்கழகம் முடிந்த கோடையில், எங்கள் பக்கத்துச் சிறு நகரங்களின் லீக் ஒன்றில் சம்பளத்துக்கு விளையாடச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டொரோண்டோப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்திருந்த காலம். எங்கள் ஆட்களில் இப்படி ஒருவனா என்று கடைகளில் என்னை மறித்துக் கதைத்தார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அணி தந்த மட்ச் பட்டியலை நீங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டினீர்கள். கிழமைக்கு நாலு மட்ச். அப்போது உங்களுக்குச் சீனி வருத்தம் வந்து, குளிசை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அம்மா நான் தங்கியிருந்த ஊருக்கு ஃபோன் எடுத்தா. "உன்ரை மட்சுக்குக் கொப்பர் பட்டினி கிடக்கிறார். நாள் முழுக்க பண் மணத்துக்கை நிண்டு வேலை செய்துபோட்டு, வந்து பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறார். நேற்றுத் தேத்தண்ணிக் கோப்பை கையிலை நிக்கேல்லை. நீ சொன்னால் கேப்பார்."

சொல்லிப் பார்த்தேன். "நேத்தி வைச்சது உன்னட்டை இல்லை, முருகனிட்டை" என்றீர்கள்.

அப்போதுதான் முதல் பொய்யைச் செய்தேன். பட்டியலில் நாலில் மூன்று மட்சை வைட்-அவுட் பூசி மறைத்து, போட்டோக்கொப்பிக் கடையில் புதுப் பிரதி எடுத்து, லீக்கில் திகதிகள் மாறிவிட்டன என்று கொண்டுவந்து ஒட்டினேன். அம்மாவுக்குத் தெரியும். நீங்கள் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "ஆட்களுக்கு ஓய்வு வேணும் தானே" என்றீர்கள். அன்று நீங்கள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டீர்கள்.

இனித்தான் வெட்கமான இடம். உங்களுக்குத் தெரியாத மட்சுகளில் என் பந்து விழவில்லை. தெரிந்த மட்சுகளில் விழுந்தது. தற்செயல் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆடுகளத்தில் பந்தோடு நிற்கும்போது, அப்பா இப்போது சாப்பிடுகிறார் என்று ஒரு குரல் கேட்கும், கை மரத்துப்போகும். எனக்குப் பக்தி இருக்கவில்லை அப்பா. பயம் மட்டும்தான் இருந்தது. பக்தி இல்லாத பயம் பொல்லாதது. விழுந்து கும்பிடக்கூட அதற்கு ஒரு இடம் இல்லை. கோச் என்னை ஆட்டத்தில் இறக்காமல் வாங்கிலில் இருத்தத் தொடங்கினார். பிறகு ஒரு சனிக்கிழமை, அமெரிக்க எல்லைக்கு அப்பால் இருக்கும் பெரிய அணி ஒன்றிலிருந்து நாளை ஆள் பார்க்க ஒருவர் வருகிறார், இதுதான் உனக்குச் சந்தர்ப்பம் என்றார்.

அந்தக் கிழமைதான் டொக்டர் உங்களுக்கு இன்சுலின் ஊசி தொடங்கியிருந்தார். ஒரு நாளும் ஊசியை விடக்கூடாது என்று சொன்னாராம். அம்மா எனக்கு அதைச் சொல்லியிருந்தா. காதில் விழுந்தது, அவ்வளவுதான். நான் ஃபோனை எடுத்தேன்.

"அப்பா, நாளைக்கு மட்ச் இருக்கு."

"பட்டியலிலை இல்லையே?"

"விடுபட்டுப் போச்சு. முக்கியமான மட்ச்."

"எத்தினை மணிக்கு முடியும்?"

"பின்னேரம் நாலு மணியாகும்."

"அதுக்கென்ன, தம்பி. நான் இருக்கிறன்."

அன்று நன்றாக நித்திரை கொண்டேன். இதை எழுதவே கூசுகிறது.

ஞாயிறு காலை நீங்கள் டொக்டருக்குப் பணிந்து ஊசியைப் போட்டீர்கள். முருகனுக்குப் பணிந்து சாப்பிடாமல் இருந்தீர்கள். இரண்டு பேருக்கும் குறை வைக்கவில்லை. உங்களைப்போல ஒரு மனிதர்தான் அப்படிச் செய்ய முடியும். முதல் பாதி முடிந்து, எங்களுக்குத் தோடம்பழத் துண்டுகள் தந்தார்கள். ஒன்றைக் கடித்தேன். இனிப்பு நாக்கில் பட்டபோதுதான் ஊசி ஞாபகம் வந்தது. அணியில் ஒருவனுக்கு இதே சீனி வருத்தம் இருந்தது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் சீனி இறங்கி மயக்கம் வரும் என்று அவனைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஓடிப்போய் வெளிச்சுவரில் இருந்த ஃபோனில் வீட்டுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோயிலுக்குப் போயிருப்பீர்கள் என்று எனக்கு நானே சொன்னேன். பக்கத்து வீட்டுக்கு அடித்திருக்கலாம். வேறு யாருக்காவது அடித்திருக்கலாம். கோச் கூப்பிட்டார், பார்க்க வந்தவர் முன்வரிசையில் இருந்தார். நான் திரும்பிப் போய் விளையாடினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த இரண்டாம் பாதியில் என் கை ஒரு பிழையும் விடவில்லை. வாழ்க்கையில் நான் அப்படி ஒருநாளும் விளையாடியதில்லை. மணிக்கூட்டைப் பார்ப்பேன், எறிவேன், விழும். திரும்ப மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

நீங்கள் மத்தியானமே சமையலறைத் தரையில் விழுந்து, அம்மா ஆம்புலன்சைக் கூப்பிட்டுக் கொண்டுபோயிருந்தா. அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். கட்டிலில் நிமிர்ந்து இருந்தீர்கள். என்னைக் கண்டதும் அழுதீர்கள்.

"குளுக்கோஸ் ஏத்திப்போட்டாங்கள், தம்பி. விரதம் முறிஞ்சு போச்சு."

"வெண்டிட்டம் அப்பா. பெரிய அணியின்ரை பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள். பத்து நாள்."

உங்கள் முகம் மலர்ந்தது. பிறகு கேட்டீர்கள்: "முகாமிலை எத்தினை மட்ச்?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டா. இந்த மனிதர் எனக்காகச் சாகப்போகிறார், அதுவும் சந்தோசமாக, என்று அன்றுதான் முழுதாக விளங்கியது.

"நேத்தியை எனக்குத் தாங்கோ" என்றேன். "தேப்பன்ரை நேத்தியைப் பிள்ளை எடுக்கலாம் தானே. இனி நான் இருக்கிறன்."

"உனக்கென்ன விசரே? விளையாடுறவன் பட்டினி கிடக்கலாமோ?"

அரை மணித்தியாலம் பேரம் பேசினோம். கடைசியில், "பால் பழம் எடுக்கவேணும். அது விரதத்திலை குற்றமில்லை" என்ற நிபந்தனையோடு சம்மதித்தீர்கள். அம்மாவின் கைப்பையில் இருந்த திருநீற்றை எடுத்து எனக்குப் பூசிவிட்டீர்கள். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டீர்கள்.

முகாமில் ஒவ்வொரு பின்னேரமும் எங்களை இரண்டாகப் பிரித்து மட்ச் வைத்தார்கள். நான் பால் பழம் எடுக்கவில்லை அப்பா. நீங்கள் வெறும் வயிற்றோடு காத்த நேத்தியை நான் பாலும் பழமும் தின்று காக்கலாமா? ஒரு வாழைப்பழத்தைக் கையில் எடுத்தால், அங்கே வோபர்னில் நீங்கள் விழுவதுபோல் இருக்கும். விசர் யோசனை என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே பழத்தைத் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு நாளும் மட்ச் முடிய ஃபோனில் கேட்பீர்கள்: "பால் பழம் எடுத்தனியோ?" "ஓம் அப்பா." "கவனம். பசி கிடந்தால் கை நடுங்கும்." "ஓம் அப்பா." "அம்மா புட்டு அவிச்சவ, நான் நல்லாச் சாப்பிட்டன்." அதைக் கேட்பதற்காகவே நான் ஃபோன் அடித்தேன்.

ஏழாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையில் உன்னைப்போல் ஒரு கார்ட் இங்கே இல்லை, பின்னேரத்தில் உன் கால்கள் உன்னிடம் இல்லை, ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை என்றார் முகாமின் கோச். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பஸ் நிலையத்தில் நீங்கள் தனியாக வந்து நின்றீர்கள். "என்னவாம்?" என்று கேட்டீர்கள். பசியால் என்றால் நீங்கள் தாங்கமாட்டீர்கள். சரியாக விளையாடவில்லை என்றால் திரும்ப நேத்தி வைப்பீர்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உயரம் காணாதாம்."

நீங்கள் அண்ணாந்து என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைவிட ஒரு சாண் உயரம். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். "உது என்ரை பக்கத்தாலை வந்தது" என்றீர்கள். "கொம்மாவின்ரை ஆக்கள் எல்லாரும் நெடுவல். என்னை மன்னிச்சுக்கொள், தம்பி."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் தேங்காய் உடைத்து நேத்தியை முடித்து வைத்தீர்கள். "முருகனாலும் உயரத்தைக் கூட்டேலாது" என்று அம்மாவுக்குச் சொன்னீர்கள். நான் இன்னும் இரண்டு கோடை அந்தச் சின்ன லீக்கில் விளையாடி, முழங்கால் போய், அதையும் விட்டேன். நீங்கள் அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் இருந்தீர்கள். ஊசி போட்டீர்கள், நேரத்துக்குச் சாப்பிட்டீர்கள். கலியாண வீடுகளில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "பொடியன் கெட்டிக்காரன், என்ரை கட்டைதான் அவனைக் கெடுத்தது" என்று சிரித்துக்கொண்டு சொல்வீர்கள். சிரித்தாலும் கண் என்னைப் பார்க்காது. ஒருமுறையும் நான் அதைத் திருத்தவில்லை. உண்மையைக் கேட்டால் எனக்கு நல்ல வேலை கிடைக்க, எனக்குப் பிள்ளை பிறக்க, எதற்காவது திரும்பத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவீர்கள் என்று பயந்தேன்.

அந்தப் பயம் என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் மகள் கார் ஓட்டும் பரீட்சைக்குப் போன காலை, கடித்த பாணைப் பாதியில் வைத்துவிட்டு ஜன்னலில் நின்றேன். அவள் திரும்பி வந்து, "அப்பா, ஏன் நீங்கள் சாப்பிடேல்லை?" என்று கேட்டாள். பசி இல்லை என்றேன்.

நீங்கள் இனிப் பட்டினி கிடக்க ஏலாது. அதனால் சொல்கிறேன். அவர்கள் என் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீங்கள் தந்த உயரம் காணும், அப்பா. எனக்கு ஒரு அங்குலமும் குறையவில்லை.