மாமனார் அமுக்கிப் பார்த்த ஃபோர்க்

பெய்யுன்,

கஞ்சி குக்கரில் இருக்கிறது. உன் அப்பா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்புகிறேன். அவர் பட்டறையைத் தாண்டாமல் இந்த வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்க வழி ஏது?

இன்றைய மலைச் சைக்கிள் பந்தயத்தில் உன் தம்பி போஹான் வண்டியில் முன்சக்கர அதிர்வைத் தாங்க நம் பட்டறையின் புது ஃபோர்க்தான் இருக்க வேண்டுமாம் அப்பாவுக்கு. அவன் எடைக்கு ஏற்ப அதற்குள் இருக்கும் காற்றைக் குறைத்தேன். அமுங்கினால் சட்டென்று எழும்பும்படி திருகையும் தளர்த்தினேன். அப்பா தரையில் நின்றபடியே கையால் அமுக்கிப் பார்த்து, "என்ன மாப்ள, தவளை மாதிரி துள்ளுது? மெத்துன்னு எழும்பணும். வாங்க வர்றவன் இதைத்தான் பாப்பான்" என்று மறுபடி இறுக்கிவிட்டார். நான் தளர்த்த, அவர் இறுக்க, இதே கதைதான்.

மலையில் மரவேர்கள் அடுத்தடுத்து வரும். இறுக்கிய ஃபோர்க் எழும்புவதற்குள் அடுத்த வேர் இடிக்கும். அது தாழ்ந்துகொண்டே போய் ஆளைத் தலைகுப்புறக் கவிழ்க்கும். போன வாரம் ஓட்டிப் பார்த்தபோது என் தோள் அப்படித்தான் போனது.

"அப்பா வீட்ல இருந்துக்கிட்டு அப்பாவையே எதிர்க்கணுமா? சரின்னு சொல்லிட்டுப் போயேன்" என்றாய் நேற்று. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்ததிலிருந்து சரி என்பதைத் தவிர வேறென்ன சொன்னேன்?

போஹானின் பழைய ஃபோர்க்கையே அவன் வண்டியில் மாட்டிவிட்டேன். தைரியமாக ஓட்டட்டும்.

- ஷியூன்

பி.கு.: புது ஃபோர்க் அந்த ஒன்றுதான் தயாராக இருந்தது. அப்பா மறுபடி மாட்டிவிடாதபடி அதை நான் எடுத்துப் போகிறேன். அப்பா கத்தினால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடு.

சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். வேறு எங்கே போக?