தேதி முடிவதற்குள்

எடிசன், நியூ ஜெர்சி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ப்ரியா நமஸ்காரம். காலேஜ் ஹாஸ்டலிலிருந்து எழுதியதற்குப் பிறகு இதுதான் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. எழுதக் காரணம் இருக்கிறது. போனில் என்ன கேட்டாலும் "எனக்கென்ன, சௌக்கியமா இருக்கேன்" என்கிறாய். ஜூன் மாதம் முழுக்க அதைத்தான் சொன்னாய். திடீரென்று ஒரு நாள் ஸ்நேஹா கூப்பிட்டு, "ப்ரியா சேச்சி, அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு" என்கிறாள். மாடியில் குடியிருக்கும் பெண் சொல்லித்தான் பெற்ற பெண்ணுக்குத் தெரிய வேண்டுமா?

வைட்டமின் டி அளவுக்கு மீறிப்போய் இரத்தத்தில் கால்சியம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். வாரத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு பாட்டிலிலும் நானே எழுதி ஒட்டி அனுப்பினேனே அம்மா! என்ன நடந்தது? போனில் கேட்டால் அழுகிறாய், இல்லாவிட்டால் வைத்துவிடுகிறாய். அதனால் எழுது. உள்ளதை உள்ளபடி எழுது. ஸ்நேஹாவிடம் கொடுத்தால் போட்டோ எடுத்து அனுப்புவாள். என் கடிதத்தையும் அவளே உனக்குக் காட்டுவாள்.

உன்
ப்ரியா


மட்டாஞ்சேரி
18 ஆகஸ்ட் 2024

சௌபாக்கியவதி ப்ரியாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் தனித்தனியாக.

உள்ளதைக் கேட்டாய், சொல்கிறேன். ஊருக்கு யார் வந்தாலும் நீ ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாய். தேவராவிலிருந்து உன் மாமியார் கொண்டுவந்து கொடுத்ததோடு அலமாரியில் நாலு சேர்ந்துவிட்டது. சங்கராந்திக்கு அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தால், எல்லாவற்றிலும் தேதி ஜூனோடு முடிகிறது. வாரத்துக்கு ஒன்று போட்டால் எந்தக் காலத்தில் தீர்வது? நீ டாலர் கொடுத்து வாங்கி அனுப்பியதைக் குப்பையில் போட மனசு வருமா? மருந்தென்றால் பயந்திருப்பேன். இது சத்துதானே என்று தினம் ஒன்றாக்கினேன். மே மாதம் பிறந்தும் தீர்ந்தபாடில்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று போட்டேன். உன் அப்பா இருந்திருந்தால் அவரையும் பங்குக்குக் கூப்பிட்டிருப்பேன். நல்லவேளை, முன்னாலேயே போய்விட்டார்.

முதலில் தாகம். எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். பிறகு சோற்றைக் கண்டால் குமட்டல். பஜார் ரோட்டில் நடந்தால் அந்தச் சுக்கு மண்டி நெடிக்கே வாந்தி. ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது படகுத்துறையில் போய் நிற்கிறேன். நம் வீடு எந்தச் சந்து என்று தெரியவில்லை. ஆட்டோக்காரன் ஒருத்தன், "அம்மே, எவிடெயா போகேண்டே?" என்று கேட்டான். எங்கே போக வேண்டும் என்று எனக்கே தெரிந்தால்தானே சொல்ல! ஸ்நேஹா அந்த வழியாக வந்ததால் வீடு சேர்ந்தேன்.

இப்போது பால், தயிர், மோர் எதுவும் கிடையாது. கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை கிடையாது. வெயிலில் நிற்கக் கூடாது. தண்ணீர் மட்டும் வயிறு முட்டக் குடிக்க வேண்டும். மோர் இல்லாமல் ஒரு சாப்பாட்டை எப்படி முடிப்பது, நீயே சொல்லு. ரசஞ்சாதத்தோடு எழுந்தால் பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி இருக்கிறது. காப்பியைக் கறுப்பாகக் குடிக்கிறேன். அதற்குக் காப்பி என்று பெயர் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நீ வர வேண்டாம். உன் விசா சங்கடம் எனக்குத் தெரியும்.

அம்மா


எடிசன்
5 செப்டம்பர் 2024

அம்மா,

நமஸ்காரம். படித்துவிட்டு அழுதேன். அப்பாவைப் பற்றி எழுதிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அதற்காகவும் அழுதேன். நான் அனுப்பாமல் இருந்திருந்தால் உனக்கு இது வந்திருக்காது. முட்டி வலி என்று நீ சொன்னாய், வந்து பிடித்துவிட முடியவில்லை, அதனால் பாட்டில் வாங்கினேன்.

டாக்டரிடம் பேசினேன். இந்த வைட்டமின் உடம்புக் கொழுப்பில் தங்கிவிடுமாம். கொஞ்சங்கொஞ்சமாகத்தான் வெளியேறுமாம். மாதக்கணக்காகும், ஒரு வருஷம்கூட ஆகலாம் என்கிறார். அதுவரை சாப்பாட்டில் கட்டுப்பாடு தளர்ந்தால் கிட்னி தாங்காது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், யார் நீட்டினாலும் ஒரு ஸ்பூன் பாயசம்கூட வாங்காதே. அடுக்களையில் ஒரு கேமரா வைக்கச் சொல்லி ஸ்நேஹாவிடம் சொல்லியிருக்கிறேன். கோபப்படாதே. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விசா புதுப்பிக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை. நடுவில் வெளியே போனால் திரும்பி நுழைய முடியுமா என்று வக்கீலுக்கே நிச்சயமில்லை. கட்டாயம் வருவேன் அம்மா. கொஞ்சம் பொறு.

ப்ரியா


மட்டாஞ்சேரி
9 டிசம்பர் 2024

ப்ரியாவுக்கு ஆசீர்வாதம்.

கேமரா மேல் துணியைப் போட்டது நான்தான், அது ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இந்த வயசில் என் அடுக்களையில் எனக்குக் காவலா?

இறங்கிக்கொண்டிருந்த கால்சியம் மறுபடி ஏறிவிட்டது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சத்யம் பறயணும் அம்மே, பால் குடிச்சோ?" என்று கேட்டார். பகவான் சத்தியமாகக் குடிக்கவில்லை. கோயிலில் பால் பாயசம் நீட்டினார்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திருடாமலே திருடி என்று பெயர் வாங்கியது போல இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். கடைசியில், கால்சியத்தை இறக்கக் கொடுத்த ஸ்டீராய்ட் மாத்திரையைக் குறைத்ததால்தான் ஏறியது என்று அவரே சொன்னார். திரும்பவும் கூட்டியிருக்கிறார். முகம் பூசணிக்காயாக வீங்கிக் கிடக்கிறது. கிட்னி பாதிதான் வேலை செய்கிறதாம். பழையபடி ஆகாதாம். இதை ஸ்நேஹா உன்னிடம் சொல்லவில்லை, நான்தான் சொல்லக் கூடாது என்றேன்.

போன வாரம் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு நிற்கிறேன், உன் குழந்தையின் பெயர் வரவில்லை. என் பேத்தியின் பெயர். அரிசி வெந்து, குழைந்து, அடிப்பிடிக்கிறவரை நினைத்துப் பார்த்தேன். வரவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ப்ரியா. செத்துப்போவதற்குப் பயமில்லை. நீ வரும்போது நீ யாரென்று கேட்டுவிடுவேனோ என்று பயம்.

இதுவரை வர வேண்டாம் என்றுதான் எழுதினேன். அது பொய். வா. பத்து நாள் வந்து என் பக்கத்தில் இரு. சாப்பிடு என்று ஒருத்தி எதிரில் உட்கார்ந்து சொன்னால் இந்த வெறும் ரசஞ்சாதமும் இறங்கும். கையில் ஒன்றும் கொண்டுவராதே. வெறுங்கையோடு வா.

அம்மா


எடிசன்
12 ஜனவரி 2025

அம்மா,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்றே டிக்கெட் போட்டேன். மறுநாள் ரத்து செய்தேன். நவம்பரில் உன் மாப்பிள்ளை சுதீருக்கு வேலை போய்விட்டது. உனக்குச் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் இந்த நாட்டில் இருப்பது இப்போது என் ஒருத்தியின் வேலையை நம்பித்தான். நான் வந்து, திரும்ப உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. உன் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இந்த வேலைதான் இருக்கிறது.

என்னை மன்னிப்பாயா என்று கேட்க வாய் வரவில்லை. சுதீரின் சித்தி இடக்கொச்சிக்கு வருகிறாள், அவளிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். கால்சியம் சேர்க்காத ஓட்ஸ் பால் பொடி இருக்கிறது. கடையில் நின்று ஒவ்வொரு டப்பாவாகப் படித்துப் பார்த்து எடுத்தேன், டாக்டரிடமும் கேட்டுவிட்டேன். காப்பியில் கலந்தால் பால் மாதிரியே இருக்கும் அம்மா. வெயிலுக்கு ஒரு குடையும் வைத்திருக்கிறேன். மே மாதம் எப்படியாவது வரப் பார்க்கிறேன். குழந்தையின் பெயர் மகதி. ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொள்.

ப்ரியா


மட்டாஞ்சேரி
16 பிப்ரவரி 2025

சௌபாக்கியவதி ப்ரியாவுக்கு, மாப்பிள்ளைக்கு, மகதிக்கு ஆசீர்வாதம்.

பெட்டி வந்து சேர்ந்தது. குடை அழகாக இருக்கிறது. மகதியின் பெயரை ஒட்டியிருக்கிறேன். பொடி டப்பாவில் தேதியைப் பார்த்தேன், அடுத்த வருஷம் ஏப்ரல் வரை இருக்கிறது. இந்தத் தடவை அவசரமில்லை. பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

உன் மேல் கோபமில்லை. மாப்பிள்ளையை ஒன்றும் சொல்லாதே, வேலையில்லாத ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் சுருக்கென்று மனசு நோகும். வேளைக்குச் சாப்பிடச் சொல்லு. நீயும் சாப்பிடு. இருக்கிற வேலையை விட்டுவிடாதே.

உள்ளதை எழுதச் சொன்னாய், எழுதினேன். எழுதினால் உனக்கு அங்கே அழத்தான் முடிகிறது. எனக்கு இங்கே ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடத்தான் முடிகிறது. இரண்டு பேருக்கும் பிரயோஜனமில்லை. அதனால் இனிக் கடிதம் வேண்டாம். எதையும் உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஸ்நேஹாவிடமும் சொல்லிவிட்டேன். "அய்யோ அம்மே" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பழையபடி போன் பண்ணு. எப்படி இருக்கிறாய் என்று கேள். எனக்கென்ன, சௌக்கியமா இருக்கேன் என்று சொல்கிறேன். நீ நம்பிக்கொள்.

அம்மா